அறுபடாத மணிக்கயிறு

“இவை எப்ப போகினம்?” என்று அக்காவிடம் நான் கேட்டேன். என் பக்கத்துக் குற்றம் அவ்வளவுதான். கேட்ட இடம் குசினி. ‘இவை’ என்று நான் குறிப்பிட்டவர்கள் அந்த நேரம் குசினி வாசலில் சாப்பாட்டுக் கோப்பைகளோடு நின்றிருந்தார்கள்.

‘இவை’ என்பது அத்தானின் தமையன் எமிலியானுஸ், அவருடைய மனைவி, மூன்று பிள்ளைகள். சண்டைக் காலம் முழுவதும் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு, சமாதானம் வந்துவிட்டதாக வானொலி சொன்னதை நம்பி, 2003இல் ஊர்காவற்றுறைக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் கடற்படையின் முகாம் இருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் எங்கள் வீடே இருந்தது. ஆகவே எங்களிடம் வந்தார்கள். இதில் யாரையும் குறைசொல்ல ஏலாது.

வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அக்கா மேரிசுகந்தியும் அத்தான் சில்வெஸ்ரரும். மற்றது என்னுடையது, அதாவது, என்னுடையதாக இருந்தது. முதலில் அறை போயிற்று. பிறகு கட்டில் போயிற்று. பிறகு, பிள்ளைக்குக் கழுத்து நோகுது என்று தலையணை போயிற்று. நான் விறாந்தையில் பாயோடு ஒதுங்கினேன். அங்கேயும் தமையனின் கடைக்குட்டி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, “மாமா, கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்று மண்டபத்துத் தமிழில் மரியாதையாகச் சொல்லிவிட்டு விலாவில் உதைப்பான். மரியாதையான உதையிலும் நித்திரை வராது என்பதை அந்த மாதத்தில் கண்டறிந்தேன்.

நான் கேள்வி கேட்ட நாளிலிருந்து அத்தான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தேவையானதை அக்காவின் ஊடாகச் சொல்வார். நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாலும் அப்படித்தான்.

“சுகந்தி, உன்ர தம்பியட்டச் சொல்லு, சம்பலை இஞ்சால தள்ளச் சொல்லி.”

“தம்பி, சம்பலைத் தள்ளட்டாம்.”

“சம்பல் முடிஞ்சுதெண்டு அத்தானிட்டச் சொல்லு, அக்கா.”

“முடிஞ்சுதாமப்பா.”

நாட்டுக்கு அப்போது நோர்வேக்காரர் செய்துகொண்டிருந்த சமாதானத் தூது வேலையை எங்கள் வீட்டில் அக்கா சம்பளமில்லாமல் செய்தாள். முன்னேற்றமும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அத்தானும் நானும் ஒரே லோஞ்சில் வேலை.

ஊர்காவற்றுறைக்கும் அனலைதீவுக்கும் இடையில் ஓடும் அந்த லோஞ்சுக்குப் பெயர் ‘அலையரசி’. படகுச் சங்கத்துக்குச் சொந்தமானது. அத்தான் அதன் தண்டையல். மேலே நின்று சுக்கான் பிடிப்பவர். நான் கீழே எஞ்சின்காரன். சங்கத்தில் வேறு ஒருவரும் தொடத் துணியாமல் சேற்றுக்குள் கிடந்த எஞ்சின் அது. நான்தான் கழற்றி, கழுவி, மூட்டி, உயிர்ப்பித்தேன். ஆண்டவர் லாசருவை எழுப்பியபோதாவது ஆட்கள் சுற்றிநின்று அழுதார்கள். நான் எழுப்பியபோது சங்கத் தலைவர் பரமலிங்கம் ஐயா, “புகை கூடிப்போச்சு, தம்பி” என்றார். இருந்தாலும், மாதா திருவிழா முடிந்ததும் என்னைத் தற்காலிகத்திலிருந்து நிரந்தரம் ஆக்குவதாக வாக்குக் கொடுத்தார். அந்த நிரந்தரத்தை நம்பித்தான் நான் அறை, கட்டில், தலையணை மூன்றையும் விட்டுக்கொடுத்தேன். மனிதனுக்கு ஏதாவது ஒன்று நிலையாக இருந்தால் மற்றது எல்லாவற்றையும் தரலாம்.

எஞ்சின் அறைக்கு யன்னல் இல்லை. கீழே நிற்பவனுக்குக் கடல் தெரியாது, கரை தெரியாது. சுக்கானுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கயிறு பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அதன் நுனியில், என் காதுக்கு நேரே, ஒரு வெண்கல மணி. தண்டையல் கயிற்றை ஒருமுறை இழுத்தால் முன்னுக்கு விடவேண்டும். இரண்டு இழுத்தால் நிறுத்தவேண்டும். மூன்று இழுத்தால் பின்னுக்கு. எஞ்சின்காரன் ஏன் என்று கேட்பதில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்ப்பதும் இல்லை. அப்படிப் பார்த்தால் தண்டையலை நம்பவில்லை என்று அர்த்தம். அதைவிடப் பெரிய அவமானம் ஒரு தண்டையலுக்கு இல்லை. எங்கள் துறையில் இதற்காகவே சம்பந்தங்கள் முறிந்திருக்கின்றன.

ஆகவே வீட்டில் ஒரு சொல்லும் பேசாத இரண்டு பேர், கடலில் மணியால் மட்டும் பேசி, ஊர்ச் சனம் அவ்வளவையும் ஏற்றி இறக்கினோம். உண்மையைச் சொன்னால், வீட்டைவிட அங்கே நல்லாகத்தான் பேசிக்கொண்டோம். கோபமென்றால் கயிற்றை வெட்டி இழுப்பார். நான் கியரைப் ‘படார்’ என்று போட்டுப் பதில் சொல்வேன்.

சமாதானத்தினால் ஓய்வு கிடைத்தது மற்றவர்களுக்கு. எங்களுக்குச் சவாரி இரட்டிப்பாகியது. கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் அனலைதீவுக்காரர் தங்கள் வளவுகளைப் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டு உடனே திரும்பினார்கள். அவர்களுடைய சூட்கேசுகள் எங்கள் ஊர் அலுமாரிகளைவிடப் பெரியவை. காலையில் தொடங்கினால், பொழுதுபட்டு கடற்படை ‘காணும், நிப்பாட்டு’ என்று கையைக் காட்டும்வரை ஓட்டம்தான். வீட்டுக்கு வந்தால் எட்டுப் பேர், ஒரு கக்கூஸ்.

அத்தானுக்கும் நித்திரை இல்லை என்பது எனக்குத் தெரியும். சாப்பிட்டு முடிந்ததும் தமையன் அவரை முற்றத்தில் இருத்திக் கதைப்பார். விறாந்தையில் கிடக்கும் எனக்கு அது தெளிவாகக் கேட்கும்.

“ராமேஸ்வரத்தில நான் ஓட்டாத எஞ்சினாடா? உன்ர லோஞ்ச் எனக்கு விளையாட்டுச் சாமான்.”

“பொறண்ணை. ஏதாவது பாப்பம்.”

“எத்தினை நாளைக்குப் பாக்கிறது? உன்ர பெண்டிலின்ர முகத்தைப் பாத்து எத்தினை நாளைக்குச் சோறு தின்னுறது?”

“பொறண்ணை எண்டு சொல்லுறன்.”

இந்த உரையாடலில் என் பெயர் வரவில்லை. அதனால் எனக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைத்து மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் எங்களுடைய மனத்தைச் சரிசெய்ய வந்தது. அந்த வருடம் தீவுப் பகுதியில் வீடு கட்டித் தர வந்தவர்களைவிட மனத்தைக் கட்டித் தர வந்தவர்கள்தான் கூடுதல். ‘வேலையிடத்திலும் வீட்டிலும் மன அழுத்தம்: செயல்திறனில் அதன் தாக்கம்’ என்று கோயில் மண்டபத்தில் பதாகை கட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்று தெரிந்ததும், சங்கத்து ஆட்கள் கட்டாயம் பங்குபற்றவேண்டும் என்று பரமலிங்கம் ஐயா அறிவித்தார்.

நடத்த வந்தவர் பிரியதர்சினி என்ற பிள்ளை. நல்ல பிள்ளை. ஒரு பலூனை எடுத்து ஊதினார்.

“இதுதான் உங்கட மனம். வீட்டில ஒரு பிரச்சினை,” ஊதினார். “வேலையில ஒரு பிரச்சினை,” இன்னும் ஊதினார். “இப்ப என்ன நடக்கும்?”

பலூன் வெடித்தது. வெளியே காவலுக்கு நின்ற கடற்படைப் பெடியன் துவக்கோடு உள்ளே எட்டிப் பார்த்தான். அவனுக்கும் ஒரு பலூன் கொடுத்தார்கள்.

“இஞ்ச கதைக்கிறது இந்த நாலு சுவருக்குள்ளயே நிக்கும்,” என்றார் பிரியதர்சினி. “பயப்படாமல் மனம் திறந்து கதையுங்கோ.”

ஒருவரும் மனம் திறக்கவில்லை. ரிக்கற் கொடுக்கும் பாலசிங்கம் அண்ணை தனக்கு அழுத்தம் இருக்கிறதென்றும் அதற்கு ஆஸ்பத்திரியில் குளிசை தருகிறார்கள் என்றும் சொன்னார். அத்தானைக் கேட்டபோது, “எனக்கு ஒரு அழுத்தமும் இல்லை” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூடிய கண் கொஞ்ச நேரம் திறக்கவில்லை, நித்திரையாகிவிட்டார்.

அந்தப் பிள்ளையின் முகம் வாடியது. கொண்டுவந்த வெள்ளைத் தாள் வெறுமையாகத் தொங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. எழும்பி, உள்ளதைச் சொன்னேன்.

“எனக்கு நித்திரை இல்லை, மிஸ். வீட்டில படுக்க இடமில்லை. என்னோட கதைக்க ஆளில்லை. இப்ப இப்ப மணி அடிக்காமலே காதில மணி கேக்குது. சாப்பிடேக்கையும் கேக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். பிரியதர்சினி மட்டும் சிரிக்கவில்லை. “மிரோஜனுக்கு எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்கோ. இதுக்குத்தான் துணிவு வேணும்,” என்றார். தட்டினார்கள். அந்த ஓசையில் அத்தான் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் தானும் தட்டினார். பக்கத்தில் இருந்த பாலசிங்கம் அண்ணை குனிந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னார்.

அதற்கு அடுத்த கிழமை அது நடந்தது.

அனலைதீவுக் கோயில் கொடியேற்றத்துக்குச் சனம் வழிந்தது. மத்தியானச் சவாரி. கரை நெருங்கியபோது மணி இரண்டு அடித்தது, நிறுத்தினேன். லோஞ்ச் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போவது காலில் தெரிந்தது. இனி மூன்று வரும், பின்னுக்கு எடுக்கவேண்டும் என்று கியரில் கையை வைத்துக் காத்திருந்தேன்.

ஒன்று அடித்தது.

ஒன்றுதான். காற்று எதிர்த்தால் சில வேளை கொஞ்சம் முன்னுக்கு விடச் சொல்வது உண்டு. ஏன் என்று கேட்பது என் வேலையல்ல. முன்னுக்கு விட்டேன்.

போர்நிறுத்தம் வந்ததற்குப் பிறகு அனலைதீவில் கேட்ட பெரிய சத்தம் எங்களுடையதுதான். இறங்குதுறையின் மூலைக் கொங்கிறீற்று உடைந்து கடலுக்குள் போனது. ஒரு கனடாச் சூட்கேஸ் அதைத் தொடர்ந்து போனது. கடற்படை ஓடிவந்து நிலையெடுத்தது. இவ்வளவும் சிரிக்கக்கூடியவை. ஆனால் அனலைதீவுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும் பரிமளம் ரீச்சர் படியில் விழுந்து, கை முறிந்து, சத்தம் போடாமல் அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனம் இறங்கிய பிறகு அத்தான் எஞ்சின் அறைக்குள் இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“மிரோஜன்.”

அவர் வாயால் என் பெயர் வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. நான் அவசரமாகக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழும்பினேன்.

“உனக்கு எங்கயும் அடி பட்டதே?”

“இல்லை அத்தான்.”

“எத்தினை கேட்டது?”

“ஒண்டு.”

அவர் எண்ணெய் ட்றம்மில் குந்தினார். “மூண்டெண்டுதான்ரா நினைச்சனான். கை ஒண்டோட நிண்டிட்டுது. கண்ணுக்குள்ள ஒரே இருட்டு. அண்ணை இரவிரவாக் கதைச்சவர்.” மணியை நிமிர்ந்து பார்த்தார். “தண்டையல் பிழையா அடிச்சவனெண்டு தெரிஞ்சா என்னை இனி ஒரு படகிலயும் ஏத்தாங்கள்.”

“ஓம்.”

“நான் மூண்டு இழுத்தனான், முதல் இழுப்போட கயிறு அறுந்திட்டுது, உனக்கு ஒண்டுதான் கேட்டது. அப்பிடிச் சொல்லுவம். என்னிலயும் பிழையில்லை, உன்னிலயும் பிழையில்லை. கயிறு பழசு. விளங்குதே? பொழுதுபட்டாப் பிறகு நான் வந்து அறுத்து விடுறன். நாளைக்கு விசாரிக்கேக்க நீ முதல் சொல்லு.”

“சரி அத்தான்,” என்றேன்.

இவ்வளவு விரைவாக ஒத்துக்கொண்டதன் காரணத்தைப் பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். அவர் என்னோடு பேசினார், அதுதான் காரணம். அன்றிரவு சாப்பிடும்போது அத்தான் சம்பல் கோப்பையைத் தன் கையாலேயே என் பக்கம் தள்ளினார். “இந்தா, போடு,” என்றார். அக்காவின் பேச்சுவார்த்தை வெற்றி பெற்றதாக நான் நினைத்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை லோஞ்சிலேயே விசாரணை. பரமலிங்கம் ஐயா தென்பகுதியில் கடை வைத்திருந்தவர். ஆட்களையும் தராசில் போடுவதுபோலத்தான் பார்ப்பார். பக்கத்தில் பாலசிங்கம் அண்ணை. மன அழுத்தத்தின் இரண்டாம் கட்டத்துக்காக வந்திறங்கிய பிரியதர்சினியும் ஓர் ஓரத்தில் இருந்தார்.

“சொல்லும் தம்பி. என்ன நடந்தது?”

“கயிறு அறுந்திட்டுது ஐயா. மூண்டு வரவேண்டியது ஒண்டோட நிண்டிட்டுது.”

“ஆ. கயிறு அறுந்ததோ.” அவர் எழும்பிச் சுக்கானுக்குப் பக்கத்தில் போனார். கயிற்றை நிதானமாக இழுத்தார்.

கீழே, நான் வழக்கமாக நிற்கும் இடத்தில், மணி அடித்தது. மூன்று முறை. எவ்வளவு தெளிவான மணி என்று மேலே நின்று கேட்டபோதுதான் எனக்கும் தெரிந்தது.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். கடலில் அப்போது பார்க்கக்கூடியதாக ஒன்றும் இருக்கவில்லை.

“ஐயா,” என்றார் அத்தான், கடலிடமே சொல்வதுபோல. “பெடியன் பொய்க்காரன் இல்லை. பயத்தில சொல்லிப்போட்டான். நான் மூண்டும் அடிச்சனான். அவனுக்கு இப்ப கொஞ்ச நாளா மனம் சரியில்லை. மணி அடிக்காமலே கேக்குதெண்டு அவனே மண்டபத்தில சொன்னவன். எல்லாரும் கேட்டனியள்தானே.”

“அத்தான்…” என்றேன். பிறகு ஐயாவிடம் திரும்பினேன். “ஐயா, ஒண்டுதான் கேட்டது. சத்தியமா.”

பாலசிங்கம் அண்ணை தலையைச் சொறிந்தார். “இப்ப ஒண்டு கேட்டதோ, கயிறு அறுந்ததோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுமன் ராசா.”

நான் சொன்ன பொய் எல்லோர் முன்னாலும் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் பிடித்த, அறுபடாத கயிறு. அதற்குப் பக்கத்தில் உண்மையை வைத்தால் அதுவும் பொய்யாகத்தான் தெரியும்.

பிரியதர்சினி எழும்பினார். “அங்க கதைச்சதை வெளியில கதைக்கக்கூடாது. ஆனா கதைச்சிட்டினம். நான் ஒண்டு சொல்லவேணும், இது இவரில பிழை இல்லை. வீட்டு அழுத்தம் வேலையைப் பாதிக்குமெண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இவரைத் தண்டிக்காதேங்கோ. இவருக்கு ஓய்வு வேணும்.”

உண்மையிலேயே எனக்காகத்தான் பேசினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. சங்கம் அவருடைய ஆலோசனையை முழு மனதோடு ஏற்று எனக்கு ஓய்வு கொடுத்தது. வேலையில் நான் தற்காலிகமாகத்தான் இருந்தேன். ஓய்வு மட்டும் நிரந்தரமாகக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தேன். அக்கா சோறு போட்டாள். மீன் துண்டு வழமையைவிடப் பெரிது, நடுத்துண்டு. அது அத்தானுக்குப் போகிற துண்டு. கேட்காமலே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

“உனக்கு முதலே தெரியும், என்ன?”

அக்கா அகப்பையைக் கீழே வைத்தாள். “அறுக்கத்தான் வெளிக்கிட்டவர். படலையடியில அண்ணை மறிச்சிட்டார். ‘கயிறை விடு, இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது’ எண்டவர். நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான்.”

“நீ ஒண்டும் சொல்லேல்லையோ?”

“நீ தனிக்கட்டை தம்பி. அவையளுக்கு மூண்டு பிள்ளையள். எஞ்சின் வேலை அவருக்குக் கிடைச்சா புளியங்கூடல் பக்கம் ஒரு வீடு பாத்துக்கொண்டு போயிடுவினம். உனக்கு உன்ர அறை திரும்பக் கிடைக்கும். கட்டில் கிடைக்கும்.” அவளுடைய குரல் இறங்கியது. “நல்லா நித்திரை கொள்ளுவாய். நித்திரை கொண்டாத்தானே வேலையை ஒழுங்காச் செய்யலாம்.”

“எந்த வேலையை?” என்று கேட்டேன்.

அக்கா அழுதாள். என் கேள்விகளால் அந்தக் குசினிக்கு ஒருநாளும் நன்மை வந்ததில்லை. நடுத்துண்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

எமிலியானுஸ் எஞ்சினுக்குள் இறங்கினார். அக்கா சொன்னபடி அறை காலியாயிற்று. தலையணையும் வந்தது. அதில் தலைவைத்துப் படுத்து, விலாவில் உதைக்க ஆளில்லாமல், முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இப்போது மணி கேட்கவில்லை. முதல்முறையாக எனக்கு மனச்சுகம் வந்திருக்கவேண்டும்.

அந்த நாட்களில் அனலைதீவில், பொழுதுபட்டபின் ஊருக்கு வெளிச்சம் கொடுக்கும் ஜெனரேற்றருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தூரம், தனிமை என்று ஒருவரும் போகவில்லை. எனக்கு அந்த இரண்டும் வசதியாகத்தான் பட்டன. ஒரு பையோடு போய் ‘அலையரசி’யில் ஏறினேன். பயணியாக, மேல்தட்டில், சுக்கானுக்கு நேரே இருந்தேன். அத்தான் என்னைக் கண்டார், காணாதவர்போல் நின்றார். அக்கா கூட இல்லாததால், சொல்லவிரும்பியதைச் சொல்ல ஆளும் இல்லை.

அந்த லோஞ்சில் அவ்வளவு காலம் வேலைசெய்தும், அது கரை சேர்வதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். உடைந்த இறங்குதுறை தெரிந்தது. அத்தான் இரண்டு இழுத்தார். கீழே எஞ்சின் அடங்கியது. லோஞ்ச் வழுக்கியது. அவருடைய கண்கள் பாதி மூடியிருந்தன. தமையன் வீடு மாறியும் அவருக்கு நித்திரை வரவில்லை போலிருந்தது. கை கயிற்றுக்குப் போனது.

ஒருமுறை இழுத்தார். அவ்வளவுதான். கை அப்படியே நின்றது.

எழும்பிக் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் எஞ்சின் அறையின் மூடி தூக்கப்பட்டு, எமிலியானுஸின் தலை வெளியே வந்தது. கரையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தலை உள்ளே போனது. எஞ்சின் உறுமிப் பின்னுக்கு எடுத்தது. லோஞ்ச் கரையில் பூப்போலப் பட்டு நின்றது.

அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. தான் மூன்று இழுத்ததாகவே நினைத்துக்கொண்டு நின்றார்.

நானும் ஒருநாளாவது அப்படி எட்டிப் பார்த்திருந்தால் ரீச்சரின் கை முறிந்திராது. என் வேலையும் போயிராது. ஆனால் அத்தான் அடிக்கும் மணியைச் சந்தேகிப்பது அவருக்கு அவமானம் என்று நினைத்தேன். எமிலியானுஸ் அவரோடு கூடப் பிறந்தவர்; அவருக்கு அந்த நம்பிக்கை கொஞ்சமும் இருக்கவில்லை. அதனால்தான் அவர் திறமான எஞ்சின்காரன். மிகவும் திருப்தியாக இருக்கிறது என்று பரமலிங்கம் ஐயாவே சொல்லித் திரிந்தார்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியடிக்கு வந்தேன். அத்தான் இறங்குபவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டு நின்றார். என் முறை வந்தது. கையை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பாத்து இறங்கும். மூலை உடைஞ்சிருக்கு,” என்றார்.

‘இறங்கு’ என்று சொல்லவில்லை. முன்பின் தெரியாத பயணிகளுக்குச் சொல்வதுபோல, ‘இறங்கும்’ என்றார்.

அந்தக் கையைப் பிடிக்காமலே இறங்கினேன். உடைந்த மூலை எங்கே என்று எனக்குத் தெரியும்.